நுளம்பு செய்த நீக்கல் தாக்கம்: டி.டி.ரி.யும் நமது நாட்டு மலேரியாவும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் கையோடு கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன கிழமை நமது பகுதியில் டெங்கு சிரமதானம் நடந்தது. வடிகானைத் துப்புரவாக்கி, சிரட்டை, டயர், யோகட் கோப்பை எல்லாம் பொறுக்கிக் கொண்டிருந்தோம். அப்போது வயதான ஒரு ஹாஜியார் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தக் கோப்ப பொறுக்குற வேலையெல்லாம் எதுக்கு சேர்? அந்தக் காலத்துல டி.டி.ரி. அடிச்சாங்க. ஒரு நுளம்பு மிஞ்சல்ல. வெள்ளைக்காரன் அத நிப்பாட்டினதாலதான் இவ்வளவு கரச்சல்."

பக்கத்தில் நின்ற இளைஞர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் கைத்தொலைபேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். அமெரிக்காவில் ஒரு பெண் எழுதிய புத்தகத்தால் டி.டி.ரி. தடை செய்யப்பட்டதாகவும், அதனால்தான் இலங்கையில் மலேரியா மீண்டும் வந்ததாகவும் அதில் இருந்தது.

ஹாஜியார் சொன்னதில் பாதி உண்மை. அந்த உண்மையை மறுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. அவர் அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர். ஆனால் மறு பாதியை நம்பினால் நாளைக்கு யாரும் வடிகான் துப்புரவுக்கு வரமாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் 1934ஆம் ஆண்டுக்குப் போவோம்.

அந்த வருடம் தென்மேற்குப் பருவ மழை பொய்த்தது. வழமையாக நிரம்பி ஓடும் மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணலுக்கு நடுவே ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த குட்டை நீரில்தான் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்பு முட்டையிடும். ஆறு வேகமாக ஓடினால் அதன் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். அந்த வருடம் ஆறு ஓடவில்லை.

ஒக்டோபர் மாதமளவில் காய்ச்சல் தொடங்கியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. உலர் வலயத்து மக்களுக்கு மலேரியா பழகிய நோய், ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் உண்டு. ஈரமான பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு அது இல்லை. போதாக்குறைக்கு அது விளைச்சல் குறைந்து, பட்டினி நிலவிய காலம். 1935ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் சுமார் 80,000 பேர் இறந்து போனார்கள். அன்றைக்கு நாட்டின் முழுச் சனத்தொகையே 55 இலட்சம் அளவில்தான். கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டு சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்களைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா போன்றவர்கள் மக்களிடம் அறிமுகமானதில் இந்த நிவாரண வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்போது கையில் இருந்த ஆயுதங்கள் குயினைன் குளிசையும், குட்டைகளுக்கு ஊற்றும் எண்ணெயும்தான். நோய் வந்த பிறகு குயினைன். நுளம்பு பிறக்கும் முன்னே எண்ணெய். ஆயிரக்கணக்கான குட்டைகளுக்கு எண்ணெய் ஊற்ற யாரால் முடியும்?

இந்த இடத்தில்தான் இரசாயனம் உள்ளே வருகிறது.

உயர்தர மாணவர்கள் சேதன இரசாயனத்தில் அற்கைல் ஏலைட்டு என்று ஒரு அலகு படிக்கிறார்கள். காபனும் ஐதரசனும் கொண்ட ஒரு சங்கிலியில், ஐதரசனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குளோரீன், புரோமீன், அயடீன் போன்ற ஒன்றை வைத்தால் கிடைக்கும் சேர்வைகள் அவை. பிள்ளைகள் அதைத் தயாரிப்பு, இயல்பு, தாக்கம் என்று மூன்றாகப் பிரித்து மனப்பாடம் செய்வார்கள். டி.டி.ரி.யின் வரலாற்றையும் அதே மூன்று தலைப்பில் சொல்லிவிடலாம்.

தயாரிப்பு

டி.டி.ரி. யுத்த காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதை முதன்முதலில் தயாரித்தவர் ஒத்மார் சைட்லர் என்ற ஒஸ்திரிய மாணவர். ஆண்டு 1874. இடம் ஸ்ட்ராஸ்பூர்க், புகழ்பெற்ற இரசாயனவியலாளர் அடொல்ப் பொன் பாயரின் ஆய்வுகூடம். குளோரல் என்ற பொருளையும் குளோரோபென்சீனையும் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் சேர்த்தார். குளோரலின் ஒரு மூலக்கூறோடு குளோரோபென்சீனின் இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டன, நீர் வெளியேறியது, வெள்ளைப் பளிங்கு கிடைத்தது. குளோரல் என்பது அற்ககோலுக்குள் குளோரீன் வாயுவைச் செலுத்தி லீபிக் என்பவர் அதற்கு நாற்பது வருடத்துக்கு முன்பே செய்து காட்டிய பொருள்தான். எல்லாம் மலிவான மூலப்பொருட்கள்.

சைட்லர் அதைப் பதிவு செய்துவிட்டுப் போய்விட்டார். அது எதற்குப் பயன்படும் என்று அவருக்குத் தெரியாது. 65 வருடங்கள் அது வெறும் ஒரு பெயராகக் கிடந்தது.

1939இல் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் கைகி கம்பனியில் வேலை செய்த போல் ஹேர்மன் முல்லர் ஒரு பூச்சிக்கொல்லியைத் தேடிக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான சேர்வைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கூட்டுக்குள் விசிறி, ஈக்களை விட்டுப் பார்த்தார். டி.டி.ரி.யைப் பரிசோதித்தபோது ஈக்கள் செத்தன. அதோடு விடயம் முடியவில்லை. கூட்டைக் கழுவிவிட்டுப் புதிய ஈக்களை விட்டாலும் அவையும் செத்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த கண்ணுக்குத் தெரியாத படிவே போதுமாக இருந்தது.

1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பேன்களால் பரவும் டைபசு காய்ச்சல் வந்தபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு இந்தத் தூளைத் தூவினார்கள். நோய் நின்றது. 1948இல் முல்லருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் வைத்தியர் அல்ல, இரசாயனவியலாளர்.

இயல்பு

டி.டி.ரி. மூலக்கூறில் ஐந்து குளோரீன் அணுக்கள் உள்ளன. இரண்டு, பென்சீன் வளையங்கள் இரண்டிலும் ஒவ்வொன்றாக இருக்கின்றன. மற்ற மூன்றும் ஒரே காபனில் இருக்கின்றன. இந்த மூன்றும் உள்ள பகுதிதான் பிள்ளைகள் படிக்கும் அற்கைல் ஏலைட்டுப் பகுதி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தச் சேர்வை நீரில் கரையாது என்றே சொல்லலாம். எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். இலகுவில் ஆவியாகாது, இலகுவில் பிரிகையடையாது. சுவரில் ஒரு சதுர மீற்றருக்கு ஒன்று, இரண்டு கிராம் விசிறினால் ஆறு மாதம் வரை வேலை செய்யும். பூச்சியின் காலில் பட்டால் அதன் மெழுகுப் படை போன்ற வெளித்தோலில் கரைந்து உள்ளே போய் நரம்பைத் தாக்கும்.

மலேரியா நுளம்பின் ஒரு பழக்கம் இதற்குச் சரியாகப் பொருந்தியது. இரவில் வீட்டுக்குள் வந்து இரத்தம் குடித்ததும் உடல் பாரமாகி, பக்கத்துச் சுவரில் போய் உட்கார்ந்து ஓய்வெடுக்கும். நோயாளியிடம் குடித்த ஒட்டுண்ணி அந்த நுளம்புக்குள் வளர்ந்து அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வர ஏறக்குறைய பத்து நாட்கள் வேண்டும். அதற்குள் அது இரண்டு மூன்று தடவை சுவரில் உட்கார்ந்தாக வேண்டும். ஒரு தடவை மருந்து பட்டாலும் போதும், சங்கிலி அறுந்துவிடும். நாட்டிலுள்ள எல்லா நுளம்பையும் கொல்லத் தேவையில்லை. இரத்தம் குடித்த நுளம்பைப் பத்து நாள் வாழவிடாமல் செய்தால் சரி.

இலங்கையில் 1945இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1946இலிருந்து பரவலாக வீடு வீடாக விசிறினார்கள். நமது மூத்தம்மாமார் சொல்வார்கள், மருந்தடிக்க வருகிறார்கள் என்றால் அரிசிப் பானை, தண்ணீர்க் குடம், பாய், தொட்டில் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும் என்று. சுவரில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக மாதக் கணக்கில் இருக்குமாம்.

1946இல் நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகள் சுமார் 28 இலட்சம். 1963இல் பதிவானவர்கள் 17 பேர்.

17 இலட்சம் என்று வாசித்துவிடாதீர்கள். வெறும் 17 பேர்.

1946க்கும் 1947க்கும் இடையில் மட்டும் நாட்டின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 20.3இலிருந்து 14.3ஆகக் குறைந்தது. இதில் எவ்வளவு டி.டி.ரி.யால், எவ்வளவு ஆஸ்பத்திரிகளாலும் உணவு விநியோகத்தாலும் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் டி.டி.ரி.க்கு முக்கிய பங்கு இருந்தது என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். கல்லோயா போன்ற உலர் வலயக் குடியேற்றங்கள் அவ்வளவு வேகமாக நடந்ததற்கும் மலேரியா அடங்கியது ஒரு காரணம்.

ஆக, ஹாஜியார் சொன்ன முதல் பாதி உண்மை. முழுக்க உண்மை.

தாக்கம்

1963இல் 17 பேர்தான் என்றதும் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நோயே இல்லாத நாட்டில் எதற்குச் செலவு? விசிறுவதை நிறுத்தினார்கள். அது அன்றைய உலகத் திட்டத்தின்படி எடுத்த முடிவுதான். நிறுத்திய பிறகு நோயாளிகளைத் தேடிப் பிடிக்கும் கண்காணிப்பு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதும் அதே திட்டத்தில் இருந்தது. அந்தப் பகுதி தளர்ந்தது. மழை குறைந்தது. மாணிக்கம் தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது. சேனைப் பயிர்ச்செய்கைக்காகவும் மாணிக்கத்துக்காகவும் மக்கள் காடுகளுக்குள் போய் வந்தார்கள். 1967இன் பிற்பகுதியில் காய்ச்சல் எழும்பத் தொடங்கியது. 1969இல் நோயாளிகளின் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது.

இப்போது அந்தக் கைத்தொலைபேசிச் செய்தியைப் பாருங்கள். ரேச்சல் கார்சன் எழுதிய மௌன வசந்தம் என்ற புத்தகம் வெளிவந்தது 1962இல். அமெரிக்கா டி.டி.ரி.யைத் தடை செய்தது 1972இல். நமது நாட்டில் மலேரியா திரும்பி வந்தது 1967-69இல். தடை வருவதற்கு முன்பே நோய் வந்துவிட்டது. இலங்கை விசிறுவதை நிறுத்தியது நோயாளிகள் இல்லை என்பதால். நோய் திரும்பியதும் அதே டி.டி.ரி.யை மீண்டும் விசிறினார்கள். யாரும் தடுக்கவில்லை.

ஆனால் இந்தத் தடவை பழையபடி வேலை செய்யவில்லை. நுளம்பு மாறியிருந்தது.

உயர்தரப் பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் கவனியுங்கள். அற்கைல் ஏலைட்டின் தாக்கங்களில் இரண்டு வகை படிக்கிறீர்கள். நீர்க் கரைசலிலுள்ள பொற்றாசியம் ஐதரொட்சைட்டோடு பிரதியீட்டுத் தாக்கம். அற்ககோலில் கரைத்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டோடு நீக்கல் தாக்கம். நீக்கல் தாக்கத்தில் ஒரு காபனிலிருந்து குளோரீனும் பக்கத்துக் காபனிலிருந்து ஐதரசனும் வெளியேறும், அந்த இரண்டு காபன்களுக்கும் இடையில் இரட்டைப் பிணைப்பு உண்டாகும்.

டி.டி.ரி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து குளோரீன்களில் எது வெளியேறும்? பென்சீன் வளையத்தில் உள்ள இரண்டும் அசையாது. அந்தப் பிணைப்பு வளையத்தின் இலத்திரன்களோடு பகிர்ந்து இறுகிப் போயிருக்கும். மற்ற மூன்றில் ஒன்றுதான் போக முடியும். பக்கத்துக் காபனில் ஒரேயொரு ஐதரசன் உண்டு. அது இதனோடு சேர்ந்து போகும். மிஞ்சுவது டி.டி.ஈ. என்ற சேர்வை. அதில் குளோரீன் நான்கு, ஒரு இரட்டைப் பிணைப்பு. மூலக்கூறின் வடிவம் மாறிவிட்டதால் அதற்குப் பூச்சியின் நரம்பைத் தாக்கும் வலிமை இல்லை.

இந்தத் தாக்கத்தை நாம் ஆய்வுகூடத்தில் அற்ககோல் சேர்ந்த காரத்தோடு செய்கிறோம். டி.டி.ரி.யை எதிர்க்கும் ஈயும் நுளம்பும் அதே தாக்கத்தைத் தங்கள் உடலுக்குள் ஒரு நொதியத்தால் செய்கின்றன. மருந்து உள்ளே வந்ததும் ஒரு ஐதரசனையும் ஒரு குளோரீனையும் உருவிவிட்டு நஞ்சைப் பயனற்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. பூச்சி எதிர்ப்பைப் பெறும் வழிகள் வேறும் உண்டு, ஆனால் இது முக்கியமான ஒன்று.

நுளம்பு இதை யாரிடமும் படிக்கவில்லை. கோடிக்கணக்கான நுளம்புகளில் சிலவற்றுக்கு அந்த நொதியம் ஆரம்பத்திலேயே கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். இருபது வருடம் ஒரே மருந்தை விசிறியதில் மற்றவை செத்து, இவை மட்டும் மிஞ்சிக் குட்டி போட்டுப் பெருகின. 1969 அளவில் நமது நாட்டு மலேரியா நுளம்பிலேயே இந்த எதிர்ப்பு கண்டறியப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் டி.டி.ரி.யைக் கைவிட்டு, அதைவிட விலை கூடிய மலத்தியனுக்கு மாற வேண்டி வந்தது. ஆக, நமது நாட்டில் டி.டி.ரி.யைத் தோற்கடித்தது புத்தகம் அல்ல. நுளம்புதான்.

அப்படியானால் கார்சன் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. சுவரில் ஆறு மாதம் நின்று நம்மைக் காத்த அதே உறுதி, வயலிலும் ஆற்றிலும் வருடக் கணக்கில் நின்றது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் சிறிய உயிரிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து பறவைக்கு என்று ஒவ்வொரு படியிலும் செறிந்துகொண்டே போனது. தாய்ப்பாலிலும் கண்டுபிடிக்கப்பட்டது. 1967இல் ரட்கிளிப் என்ற ஆய்வாளர் பிரித்தானியாவில் வல்லூறுகளின் முட்டை ஓடு மெலிந்து வருவதை எடுத்துக் காட்டினார். அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை உடைந்தது. காரணம் டி.டி.ஈ. ஆம், நுளம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உண்டாக்கிய அதே பொருள். நுளம்புக்கு உயிர் கொடுத்தது, பறவையின் முட்டையை உடைத்தது.

மேலை நாடுகளில் அது பெருமளவில் பருத்தித் தோட்டத்திலும் பயிர்நிலத்திலும் ஆகாய விமானத்தால் கொட்டப்பட்டது. கார்சனின் குற்றச்சாட்டு பெரும்பாலும் அந்தக் கண்மூடித்தனத்தின் மீதுதான். இன்றைக்கும் ஸ்டொக்ஹோம் சமவாயத்தில் நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும், வேறு வழியில்லாத நாடுகளுக்கு டி.டி.ரி.யைப் பாவிக்க இடம் விடப்பட்டிருக்கிறது.

சரி, மலேரியா பிறகு எப்படி ஒழிந்தது?

மெதுவாக ஒழிந்தது. 1999இலும் நாட்டில் 2.6 இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். யுத்தம் நடந்த பகுதிகளுக்குள்ளும் சுகாதார ஊழியர்கள் போனார்கள். மருந்துகளை மாற்றி மாற்றி விசிறினார்கள். மருந்தூட்டிய நுளம்பு வலை கொடுத்தார்கள். காய்ச்சல் என்று வந்தவர்களின் விரலில் ஊசி குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். இந்த இரத்தப் பரிசோதனைதான் கண்காணிப்பின் முதுகெலும்பு. நாட்டுக்குள் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

அதே 2016 டிசம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இது ஆற்றுக் குட்டையைத் தேடி அலையாது. நகரத்துக் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும். நமது பகுதியிலிருந்து வெளிநாட்டுக்குத் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் பயணத்துக்கும் போய் வருபவர்கள் ஏராளம். மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்து காய்ச்சல் கண்டால், எங்கே போய் வந்தோம் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 1963இன் 17 பேர் எப்படி 5 இலட்சமானார்கள் என்பதை இப்போது அறிவீர்கள்.

கடைசியாக ஹாஜியாரின் கேள்விக்கு. டி.டி.ரி. அடித்தால் டெங்கு போகுமா?

போகாது. டெங்கு நுளம்பு பகலில் குத்தும். சுவரைவிடத் தொங்கும் உடுப்பிலும், கட்டிலின் அடியிலும், திரைச்சீலையிலும்தான் அதிகம் ஓய்வெடுக்கும். சுவரில் அடிக்கும் மருந்து அதற்கு அவ்வளவாகப் படாது. பட்டாலும் பயனில்லை. நமது நாட்டு டெங்கு நுளம்புகளுக்கும் டி.டி.ரி. எதிர்ப்பு இருப்பது ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. நீக்கல் தாக்கம் தெரிந்த நுளம்புக்கு முன்னால் பழைய மருந்தைக் கொண்டுபோய் நிற்பதில் அர்த்தமில்லை. ஆனால் தண்ணீர் இல்லாத யோகட் கோப்பையில் முட்டையிட எந்த நுளம்புக்கும் வழியில்லை. கோப்பையைக் கவிழ்ப்பதை எதிர்த்து நிற்க எந்த நொதியத்தாலும் முடியாது.

இதை மறுநாள் நேரில் போய் ஹாஜியாரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அப்ப நாங்க கண்டது பொய்யில்லதானே?" என்றார். பொய்யில்லை ஹாஜியார், நீங்கள் கண்டது முழு உண்மை, அதற்குப் பிறகு நுளம்பு மாறிப்போனது என்றோம். சிரித்துவிட்டு, "அப்ப வாற சனிக்கிழம நானும் வாறன், குனிய ஏலாது, கோப்பய காட்டித் தாறன்" என்றார்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மீண்டும் கூடுகிறோம். கையுறையும் சாக்கும் எங்களிடம் உண்டு. உங்கள் வீட்டில் அந்தக் காலத்து மருந்தடிப்பையும் நடுக்கற் காய்ச்சலையும் கண்ட பெரியவர்கள் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எங்களுக்கும் அனுப்புங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம் அவர்களிடம் இருக்கிறது.